செல்லக்கனியின் மூன்று சென்ட்

வெள்ளிப்பாறையில் குவாரி ஓடிய பதினைந்து வருஷமும் ராஜகுமார் முதலாளி செல்லக்கனியை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிட்டார். போன மாசம் அவள் முற்றத்தில் வந்து நின்று ‘அக்கா’ என்றார். அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்தக் காலத்தில் ஊர் ஆடிய ஆட்டம் கொஞ்சமா? மார்த்தாண்டம் ரோடு வரைக்கும் கல் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நாலு புரோட்டாக் கடை, இரண்டு லாட்ஜ். மாட்டுத்தொழுவத்தைக்கூட வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள். பிறகு பாறை தீர்ந்தது, குழியில் தண்ணீர் நின்றது, கடைகள் ஷட்டரை இறக்கின. இனி உடைக்க மிச்சமிருப்பது செல்லக்கனி வீட்டுக்குப் பின்னால் உள்ள மேற்குப்பாறை மட்டும்தான். அதற்கு லாரி போக ஒரே வழி அவளுடைய மூன்று சென்ட். அதில்தான் அவள் புருஷன் நாராயணபெருமாளை அடக்கியிருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், குவாரியில் எச்சரிக்கை விசில் ஊதாமல் வைத்த வெடியில் கல் தெறித்து அவன் மண்டை பிளந்தது. போலீஸ் வந்தால் குவாரியைப் பூட்டிவிடுவார்களே! நெஞ்சுவலி என்று சொல்லி, அன்று சாயங்காலத்துக்குள் காரியத்தை முடித்தார் முதலாளி. அவர்கள் அய்யாவழிக்காரர்கள், பிணத்தை எரிப்பதில்லை, புதைப்பார்கள். சுடுகாடு வரை தூக்கிப்போய் நாலு பேர் கண்ணில் படவேண்டியதில்லை, அது அவருக்கு வசதியாகப் போயிற்று. இடத்தைக் காட்டியதும் அவரேதான். தலைப்பாகை கட்டி, வடக்குமுகமாக உட்காரவைத்து மண்ணைத் தள்ளினார்கள். பிளந்த மண்டையைத் தலைப்பாகை மறைத்துவிட்டது. செல்லக்கனி தொண்டை கிழியக் கத்தினாள். சாட்சி சொல்ல ஒருத்தன் வரவில்லை. எல்லார் வீட்டு உலையும் குவாரியை நம்பித்தான் கொதித்தது.

‘‘அக்கா, பெருமாள நல்ல எடமாப் பாத்து மாத்தி வைப்போம். ஊரு பொழைக்கணும்லா?’’ என்றார் ராஜகுமார். கூட வந்த ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள்.

‘‘தோண்டலாம் மொதலாளி’’ என்றாள் செல்லக்கனி.

அவர் முகம் மலர்ந்தது.

‘‘ஆனா போலீசும் டாக்டரும் பக்கத்துல நிக்கணும். எனக்க மாப்பிளைக்கு நெஞ்சுவலி மண்டையில எப்படி வந்துதுன்னு அவங்க பாத்துச் சொல்லட்டு.’’

ராஜகுமார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். ஊர்க்காரர்கள் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். திட்டட்டும், அன்றைக்குப் பொத்திக்கொண்ட வாய்தானே.

முதலாளி மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை. அவர் பயந்ததோடு விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை நாகர்கோவில் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் தானே மனு கொடுத்தாள்: என் புருஷனைத் தோண்டி எடுத்துப் பாருங்கள்.