இடது கைச் சுண்டுவிரல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் வெற்றிலை துப்பப் போகிற சாக்கில் எழுந்துபோய்விடுகிற ரகம் நான். பெரிய பகுத்தறிவு என்று நினைத்துவிடாதீர்கள்; தொழில் அப்படி. பத்திர ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். நான்கு எல்லையும் சர்வே நம்பரும் இல்லாத எதையும் நம்புவதில்லை. பேய்க்குக் கிழக்கு எல்லை எது, மேற்கு எல்லை எது, சொல்லட்டும், நம்புகிறேன் என்பேன். ஜனங்கள் சிரிப்பார்கள். அவ்வப்போது பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்பதால், சிரிக்காவிட்டால் நான் வருத்தப்படுவேன் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு.

இப்போது நீங்கள் என்னிடம் எல்லை கேட்கலாம். சொல்லிவிடுகிறேன். மதராஸ் கடற்கரை, சாயங்காலம் ஐந்து மணி, நல்ல வெளிச்சம், சுற்றிலும் ஆயிரம் பேர். எனக்கு ஆறாமல் இருப்பதே அதுதான். இருட்டில், சுடுகாட்டுப் பக்கம் நடந்திருந்தால் மிரண்டுவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கைநாட்டு வைக்க வருகிறவர்களின் இடது கையைப் பிடித்து, பெருவிரலை மையில் உருட்டிக் காகிதத்தில் பதிய வைப்பது என் வேலையில் பாதி. பயந்த கை, பிடிவாதக் கை, மனசில்லாமல் நிலத்தை விற்கிற கை என்று பிடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். முகத்தை மறப்பேன், கையை மறக்க மாட்டேன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

பதின்மூன்று வருஷம் இருக்கும். மதராஸில் டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம். திருவல்லிக்கேணியில் இருந்த என் சகலை வீட்டில் ஒரு கல்யாணம். என் மனைவிக்கு உடம்பு சரியில்லாததால் பிள்ளைகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நான் மட்டும் புறப்பட்டேன். முத்துவுக்குப் பன்னிரண்டு வயது, விசாலத்துக்கு ஒன்பது, கடைக்குட்டி செல்லிக்கு ஆறு. கல்யாணம் முடிந்து ஒரு நாள் தங்கி, பிள்ளைகளுக்குப் பட்டணத்தைச் சுற்றிக்காட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு.

புறப்படுகிறதற்கு முதல் நாள் மனைவி படுக்கையில் இருந்தபடியே ஆரம்பித்துவிட்டாள். "இந்தாங்க, யோசனை பண்ணிக்கிட்டே அங்கிட்டும் இங்கிட்டும் பாத்து நடக்காதீங்க. பட்டணத்துல புள்ளையத் தொலைச்சா என்னன்னு அடையாளம் சொல்லுவீங்க?"

விடுவேனா நான். வீணாய்ப்போன முத்திரைத்தாள் ஒன்றை எடுத்தேன். 'சொத்து விவரம்' என்று தலைப்புப் போட்டு, 'இலக்கம் ஒன்று: முத்து, நெற்றியில் தழும்பு. இலக்கம் இரண்டு: விசாலம், இடது காதில் மச்சம். இலக்கம் மூன்று: செல்லி, இடது முழங்காலில் பிறை போல் வடு' என்று எழுதி, மூன்று பேரின் இடது பெருவிரல் ரேகையையும் பதிய வைத்தேன். செல்லி கூச்சத்தில் நெளிந்து சிரித்ததில் முதல் ரேகை இழுபட்டுவிட்டது. இரண்டாவது பதிவு சுத்தமாக விழுந்தது.

"கிறுக்கு முத்திப்போச்சு" என்றாள் மனைவி. ஆனால் அந்தத் தாளை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். வலது கையில் குடை. இடது கையின் சுண்டுவிரலில் செல்லி. அவள் நடை பழகிய நாளிலிருந்து அப்படித்தான் பிடிப்பாள். என் கையைப் பிடிக்க மாட்டாள், சுண்டுவிரலை மட்டும் நான்கு விரலாலும் வளைத்து, தன் பெருவிரலை என் நகத்தின் மேல் அழுத்தி வைத்துக்கொள்வாள். கைநாட்டு வைப்பது போல.

டிராமில் ஏறினோம். முத்து, "அப்பா, இதுக்கு மாடு எங்கிட்டுக் கட்டியிருக்கு?" என்று உரக்கக் கேட்க, எதிர் சீட்டுக்காரர் சிரிக்க, அவன் என் பிள்ளை இல்லை என்பது போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மிருகக்காட்சிச் சாலைக்கு மதராஸ்காரர்கள் உயிர் காலேஜ் என்றும், பாடம் பண்ணிய மிருகங்கள் இருக்கும் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே நாளில் படித்து முடித்தோம். செத்த காலேஜில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று செல்லி, "அப்பா, இது கடலுக்குத் திரும்பிப் போவுமா?" என்றாள். "சதை போட்டதும் போகும்" என்றேன். எதற்கெடுத்தாலும் வேடிக்கை பேசுகிற வாய் எனக்கு. அதன் பிறகு அவள் என் விரலைச் சற்று இறுக்கமாகவே பிடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது.

கடைசியாகக் கடற்கரை. இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எனக்கு ஊர் மணமேல்குடி. எங்கள் ஊர்க் கடலைப் பார்த்திருக்கிறீர்களா? கடல் என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும். ஒரு பர்லாங் நடந்தாலும் முழங்கால் நனையாது. தட்டில் ஊற்றிய ரசம் இதைவிட அதிகமாக அலையடிக்கும். என் பிள்ளைகள் அதில் தவழ்ந்து வளர்ந்தவர்கள். கடல் என்றால் எல்லாம் ஒரே கடல் என்பது எங்கள் ஊர்க்காரன் புத்தி.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "யோவ், கொயந்தய உள்ள இட்டுனு போகாதே. இங்க அலை உள்ள இஸ்துக்கும்" என்றார்.

"நாங்களும் கடற்கரைக்காரங்கதாங்க" என்றேன், குடையை ஊன்றிக்கொண்டு.

அவர் என் குடையையும் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

முத்துவும் விசாலமும் சுண்டல்காரரிடம் நின்றார்கள். நான் குடையை மணலில் குத்திவிட்டு, செல்லியோடு கணுக்கால் தண்ணீரில் நின்றேன். நின்றேன் என்றுதான் இன்றுவரை சத்தியம் செய்வேன். விரலில் அவள் பிடி இருந்தது. பச்சைப் பாவாடையை மற்றொரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். சுண்டலுக்குச் சில்லறை சரியாக வாங்கும்படி முத்துவிடம் கத்தத் திரும்பினேன். அந்த ஒரு திரும்பல்தான். எங்கள் ஊரில் பத்து வருஷத்து அலையைச் சேர்த்துக் கட்டினாலும் அவ்வளவு வராது; அப்படி ஒன்று வந்து என்னைக் குப்புறத் தள்ளிவிட்டது. எழுந்தபோது விரல் காலியாக இருந்தது.

நுரைக்குள் பச்சைத் துணி ஒன்று புரண்டு உள்ளே போனதைப் பார்த்தேன்.

வேட்டி அவிழ்ந்ததா, கத்தினேனா, ஒன்றும் தெரியாது. மார்பு வரை தண்ணீரில் போய்க் கையைத் துழாவினேன். கண் எரிந்தது. அவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது தண்ணீருக்கு அடியில் ஒரு சின்னக் கை என் இடது கைச் சுண்டுவிரலைப் பிடித்தது. நான்கு விரலும் வளைந்து, பெருவிரல் நகத்தின் மேல் அழுத்தி.

கிடைத்துவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கரையைப் பார்த்துத் திரும்பி இரண்டு எட்டு வைத்தேன்.

"அப்பா!" என்று கரையிலிருந்து கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முத்து. விசாலம். இருவருக்கும் நடுவில், கையில் சுண்டல் பொட்டலத்தோடு, செல்லி. பச்சைப் பாவாடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

என் விரலிலும் பிடி இருந்தது.

அலை பின்வாங்கியது. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கையை உதறினேன், போகவில்லை. அது என்னை உள்ளே இழுக்கவும் இல்லை, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்; வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்வது போலச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. வலது கையால் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். எத்தனையோ பேருடைய கையை நான் அப்படி மைப்பெட்டி மேல் பிரித்து வைத்திருக்கிறேன். கடைசியாகப் பெருவிரலை நகத்திலிருந்து நெம்பி எடுத்ததும் அடுத்த அலை வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கரைக்கு ஓடிவந்து செல்லியைப் பிடித்து உலுக்கினேன். "எங்கடி போன?"

விசாலம்தான் பதில் சொன்னாள். "அவ அப்பவே எங்கூட வந்துட்டாப்பா. நீங்கதான் தனியா நின்னு யார்கூடயோ பேசிக்கிட்டு இருந்தீங்க."

தண்ணீருக்குள் ஒரு குழந்தை இருக்கிறது என்று கத்தினேன். வலைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் உடனே பாய்ந்தார்கள். வெகுநேரம் தேடினார்கள். கூட்டம் கூடியது, ஒரு போலீஸ்காரரும் வந்தார்.

"உமக்கு எத்தனை குழந்தைங்க?"

"மூணுங்க."

"மூணும் இருக்கா?"

"இருக்குங்க."

"அப்புறம் எதைத் தேடச் சொல்றீர்?"

வலைக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே, "அதான் மூணும் கீதே, இட்டுனு போய்ச் சேருய்யா" என்றார். கடற்கரையில் குழந்தையைக் காணோம் என்று ஒருவர்கூட வரவில்லை. சகலை அடுத்த ஒரு வாரம் தினசரிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படிச் செய்தி எதுவும் இல்லை என்று கடிதம் எழுதினார். வேலைப்பளு அதிகமோ, ஓய்வெடுங்கள் என்றும் எழுதியிருந்தார்.

டிராமுக்கு நடந்தபோது இடது கையை நீட்டினேன். செல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டைத்தான். அன்றிலிருந்து அவள் என் சுண்டுவிரலைப் பிடித்ததே இல்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் மனைவி தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். உடம்பு தேறி, சிரித்த முகமாக இருந்தாள். "சொத்தையெல்லாம் சரிபாத்து ஒப்படைங்க, பாப்போம்." நெற்றித் தழும்பு இருந்தது. காது மச்சம் இருந்தது. செல்லி தானே பாவாடையைத் தூக்கி முழங்காலைக் காட்டினாள். பிறை போல வடு இருந்தது.

"ரேகை?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் எதுக்கு" என்று தாளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

செல்லி நல்ல பெண். என் மூன்று பேரில் என்னிடம் அதிகம் ஒட்டுதல் அவளுக்குத்தான். ஆலங்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. போன மாதம் வந்திருந்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளிடம், இத்தனை வருஷம் கழித்து, வேடிக்கைக் கதை மாதிரி, குடையில் ஆரம்பித்துப் போலீஸ்காரர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸ்காரர் கேள்வி கேட்கிற இடத்தில் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள் என்பது என் கணக்கு. அவள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா விட்டீங்க?" என்றாள்.

"நீதான் கரையில நின்னியேம்மா."

அவள் துருவுவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை.

"அதுக்காக?"

எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது, மைப்பெட்டி மேஜை மேலேயே இருக்கிறது. ஆள் வளர்ந்தாலும் ரேகை மாறாது. என் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. "செல்லி, இங்கிட்டு வாம்மா, கையக் கொடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை நிமிஷத்து வேலை.

அவள் ஊருக்குத் திரும்புகிற வரை நான்கு நாள் இருந்தாள். நான் கூப்பிடவில்லை.