முதல் தோணியும் ஒரு அடையாள அட்டையும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு பங்குனி மாதம். ஆரையம்பதியில், வாவிக்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், நான் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பது பெயருக்குத்தான். மின்சாரம் நின்று நெடுநாளாகியிருந்தது. ஒரு சோடி பற்றரி வாங்குவதற்கும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். றேடியோ வைத்திருந்தவர்கள்கூட அதைச் சீலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். வீட்டில் அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள். அடுப்பு ஒரு நேரம்தான் எரிந்தது.

அப்போதுதான் கொழும்புக்குப் போகவிருந்த ஒருவர் தன் சின்னத் தோணியைக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஒரே ஒரு ஆள் இருந்து வலிக்கக்கூடிய தோணி. என் சைக்கிளையும், கடையில் மிஞ்சியிருந்த நல்ல றேடியோ ஒன்றையும் கொடுத்து அதை வாங்கினேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, எனக்கு அது தனிக்கப்பல் மாதிரி இருந்தது. கரையில் கிடந்த அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் எவரும் வாவியில் தொழில் செய்ததில்லை. மீனை நாங்கள் சட்டியில்தான் கண்டிருக்கிறோம்.

முதல் நாளே தோணி என்னைக் கவிழ்த்துப் போட்டது. இரண்டாம் நாளும் அதுதான். தோணிக்குள் சப்பாணி கட்டி இருக்கக்கூடாது, முழங்காலில் நின்று வலிக்க வேண்டும், அப்போதுதான் பாரம் கீழே நிற்கும் என்று கரையில் நின்ற யாரோ சிரித்துக்கொண்டு சொன்னார்கள். ஒரு கிழமை கரையோரமாகவே வலித்துப் பழகினேன். முழங்கால் தோல் உரிந்து போயிற்று. ஆனாலும் நான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் எனக்குக் குறையவில்லை. றேடியோவுக்குப் பற்றவைக்கிற ஈயத்தை உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்த்தேன். எரிந்துபோன பழைய ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றைக் கயிற்றில் கட்டி நங்கூரமாக்கினேன். இதெல்லாம் இவர்களுக்கு எங்கே தோன்றப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

அந்த நாட்களில் வாவியில் இறங்க ஒரு ஒழுங்கு இருந்தது. நாங்கள் இருந்த எழுவான்கரை ஆமியின் பக்கம். வாவிக்கு அந்தப் பக்கம், மேற்கே, படுவான்கரை இயக்கத்தின் பக்கம். நடுவில் கிடந்த தண்ணீரில்தான் எங்கள் ஆட்கள் மீன் பிடித்தார்கள். காலையில் துறையில் ஆமி காவல் நின்ற சென்றியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத் தோணியில் ஏற வேண்டும். பின்னேரம் ஐந்து மணிக்குள் திரும்பி வந்து அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்துக்குப் பிறகு தண்ணீரில் எது அசைந்தாலும் சுடுவார்கள்.

நான் முதல்முதலாக நடு வாவிக்குப் போன நாளில் பன்னிரண்டு பேர் அட்டை கொடுத்தோம். எனக்கு முன்னால் நின்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். ஒட்டி உலர்ந்த உடம்பு, தோளில் வீச்சுவலை. பெயர் அப்போது தெரியாது. அவர் என் தோணியை எட்டிப் பார்த்தார். ட்ரான்ஸ்ஃபோமரைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"தம்பி, இது சேத்துல வழுக்கும். மத்தியானத்துக்குப் புறகு கடல்காத்து எழும்பினா இழுத்துக்கொண்டு போயிரும். என்னட்ட ரெண்டு கம்பு கிடக்கு, ஒண்டக் கொண்டு போங்க. ஊண்டிக் கட்டினா அசையாது."

"இது இரும்பு அண்ணன். நல்ல பாரம்" என்றேன்.

"பாரம் இல்ல தம்பி, பிடிப்புத்தான் வேணும்."

எனக்கு எரிச்சல் வந்தது. மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதுதான் காரணம். "வேணாம் அண்ணன், நான் பாத்துக்கொள்றன்" என்று சொல்லித் தோணியைத் தள்ளினேன். அவர் தன் தோணியில் முழங்கால் ஊன்றினார்.

அன்று எனக்கு மீன் பட்டது. அதுதான் கேடு. இரண்டு கெளிறு, பிறகு கை நீளத்துக்கு ஒரு கொடுவா. அக்காவின் பிள்ளைகளின் முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த இரையைக் கொளுவினேன், அதற்கடுத்ததையும் கொளுவினேன். காற்று எழும்பியது தெரிந்தது. நங்கூரம் போட்டிருக்கிறேனே என்ற தைரியம். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது மற்றத் தோணிகள் எல்லாம் கிழக்கே சின்னச் சின்னதாய்த் தெரிந்தன. என் பின்னால் படுவான்கரையின் கண்டல் மரங்கள் நின்றன. நங்கூரத்தை இழுத்தேன். நல்ல பாரமான இரும்பு, ஒரு பிடி சேறுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

காற்றை எதிர்த்து வலித்துப் பார்த்தேன். பத்து முழம் போனால் பதினைந்து முழம் பின்னுக்கு வந்தது. உள்ளங்கை கொப்புளம் போட்டு உடைந்தது. கடைசியில் தோணி தானாகவே போய்க் கண்டலுக்குள் செருகிக்கொண்டது.

அங்கே எருமை வளர்க்கிற ஒரு குடும்பம் இருந்தது. கணவனும் மனைவியும் வந்து தோணியை இழுத்துக் கரையேற்றினார்கள். தண்ணீர் தந்தார்கள். மூன்று மணி இருக்கும்.

"அட்டை எங்க மனே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சென்றியில."

அவருடைய கணவர் உடனே எழும்பிவிட்டார். "அப்ப நிக்கப்படாது. கரையோடு தோணிய நான் இழுத்துக்கொண்டு வாறன். வடக்கால வாவி ஒடுங்குற இடம் இரிக்கு. அங்க காத்தும் குறைவு. அங்கயிருந்து நீங்க வலிச்சா அஞ்சுக்குள்ள போய்ச் சேரலாம்."

நான் என் கைகளைப் பார்த்தேன். நேரம் தப்பிவிட்டால் நடுத் தண்ணீரில் சூடு விழுமே என்று பயந்தேன். அதற்கு மேல், உண்மையைச் சொன்னால், களைத்துப் போயிருந்தேன். காலையில் போகிறேன், ஒரு அட்டைதானே, ஏசிவிட்டுத் தருவார்கள் என்றேன்.

"உங்களுக்கு ஏசுவாங்க. மத்த ஆக்கள வீட்ட போக விடுவாங்களா மனே?" என்றார் அந்த அம்மா.

அது என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகவே விழுந்தது. நான் மீன்களை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன், அவர்களும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சோறும் எருமைத் தயிரும் தந்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, விடியும்வரை நன்றாகத் தூங்கினேன்.

காலையில் வாவி கண்ணாடியாய்க் கிடந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கெளிறு இரண்டையும் கொடுத்துவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றிய கொடுவாவோடு புறப்பட்டேன். கேட்டால் என்ன சொல்வது, காற்று எப்படி அடித்தது என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வலித்தேன். கொஞ்சம் வீரக்கதையாகக்கூட அதை ஆக்கி வைத்திருந்தேன்.

துறையை நெருங்கியபோது சென்றிக்குப் பக்கத்தில், வாவியைப் பார்த்தபடி, ஒருவர் முழங்காலில் நிற்பது தெரிந்தது. அந்தக் கரை முழுக்க மட்டி ஓடு. இன்னும் கிட்டப் போனதும் ஆளைத் தெரிந்தது. எனக்குக் கம்பு தர வந்தவர்.

சென்றியில் நின்றவன் என்னைப் பார்த்து, "மச்சான் வந்தது" என்று அரைகுறைத் தமிழில் சொன்னான். என் அட்டையைக் கொண்டுவந்து கையில் தந்தான். அவ்வளவுதான். நான் ஒத்திகை பார்த்த எதையும் யாரும் கேட்கவில்லை.

நடந்ததை அங்கே தோணி இறக்க வந்திருந்த ஒருவர்தான் சொன்னார். ஐந்து மணிக்குப் பதினொரு பேர் வந்துவிட்டார்கள், ஒரு அட்டை மிஞ்சியது. இவன் யார், இயக்கத்துக்குப் போய்விட்டானா, சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்று எல்லோரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். என்னைத் தெரியும் என்று சொல்ல எல்லோருக்கும் பயம். ஒரு கிழமைத் தொழிலாளிக்காக யார் பொறுப்பு நிற்பது? இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது இவர் முன்னுக்கு வந்து, "அது என்ட மச்சான். புதுசாத் தொழிலுக்கு வந்தவர், காத்து இழுத்துப் போட்டுது. அவர் வருமட்டும் நான் நிக்கிறன், இவங்கள விடுங்க" என்றாராம். மற்றப் பத்துப் பேரும் வீட்டுக்குப் போனார்கள். இவர் நின்றார். முழங்காலில் நிற்க வைத்தார்கள். காவல் மாறியபோது ஒரு சின்ன ஆமிப் பொடியன் தண்ணீர் கொடுத்தானாம். எழும்ப விடவில்லை.

நான் ஓடிப்போய் அவரைத் தூக்கினேன். கால்கள் நிமிரவில்லை. முழங்காலில் ஓடுகள் குத்தி இறங்கியிருந்தன, இரத்தம் காய்ந்து மணலோடு ஒட்டியிருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நங்கூரம் இழுத்திட்டுதா?"

"ஓம் அண்ணன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவருடைய மனைவி விடியற்காலையிலிருந்து சென்றி வேலிப் பக்கமாய்க் காத்து நின்றிருக்கிறார். வந்து அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த மச்சான்? எனக்குத் தெரியாம எனக்கொரு தம்பி இரிந்திரிக்கிறார்."

நான் கொடுவாவை நீட்டினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அக்கா அதை வாங்கவில்லை. கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அதை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. அன்றும் எங்கள் வீட்டில் மரவள்ளிதான் அவிந்தது.

காயங்கள் சீழ் வைத்தன. ஆறியபோது முழங்கால்கள் மடங்க மறுத்தன. நடப்பார், நிற்பார். ஆனால் முழங்காலில் நிற்க ஏலாது, குந்தவும் ஏலாது. சின்னத் தோணியில் அது இரண்டும் ஏலாதென்றால் தொழில் இல்லை. நான் என் கெட்டித்தனத்தை மறுபடியும் எடுத்துக்கொண்டு போனேன். பெரிய றேடியோப் பெட்டி ஒன்றின் பலகையைக் கழற்றி, காலை நீட்டி இருக்கிற மாதிரி அவருடைய தோணிக்குள் ஒரு இருக்கையும் முதுகுக்குச் சாய்வும் அடித்துக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. ஏறி இருந்து கொஞ்சத் தூரம் வலித்தார். நான் கரையோடு கூடவே நடந்தேன். திரும்பி வந்தார்.

"நல்லா அடிச்சிருக்கீங்க தம்பி. ஆனா இருந்துகொண்டு வலை வீச ஏலாது. எனக்கு வலைதான் தெரியும்."

தோணியைக் கரையில் இழுத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நான்தான் கவிழ்த்து வைத்தேன். அவருடைய இரண்டு கம்பில் ஒன்றை அன்று எனக்குத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பிடித்த மீனில் பாதியை ஒவ்வொரு நாளும் அவர்கள் வேலியில் கொளுவிவிட்டு வந்தேன். முதலில் பூனைதான் தின்றது. மூன்றாம் மாதம் ஒரு நாள், நான் கொளுவிய ஓலைப்பை அடுத்த நாள் கழுவி அதே இடத்தில் தொங்கியது. அந்த அக்கா என்னோடு பேசவில்லை, பையை மட்டும் கழுவி வைத்தார். அப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. பிறகு ஒரு பெரிய ஷெல்லடியில் எல்லோரும் நாலு திசைக்கும் ஓடினோம். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கெல்லாமோ விசாரித்தேன். அவர்கள் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என் வயதுக்காரர்கள் கூடினால் முழங்கால் வலி, எண்ணெய், ஒத்தடம் என்றுதான் பேச்சுப் போகும். "உனக்கு மட்டும் ஒண்டும் இல்லையே, குடுத்து வச்சவன்" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் கொடுத்து வைக்கவில்லை, ஒருவர் எனக்காகக் கொடுத்துவிட்டார்; ஒவ்வொரு நாளும் குந்தி எழும்பும்போது, இந்தக் கால்களுக்கும் கொஞ்சம் வலித்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.