திருகைக் கழற்றும் மாப்பிள்ளை

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சொட்டுப் பசை. விரல்களை ஒட்டுகிறார், பிரிக்கிறார், மறுபடி ஒட்டுகிறார். பாகில் பதம் பார்ப்பவரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். பால் நிறத்தில் இருக்கும் அந்தப் பசை நூலாக இழுபட்டு அறுந்ததும் முகம் மலர்ந்துவிடுகிறது. "வந்துட்டாரு!" என்கிறார், வாசலில் யாரோ முக்கியமானவர் வந்து இறங்கியது போல.

பாட்டுக்கு அடியில் 'டும் டும்' என்று நெஞ்சுக்குள் இறங்கும் ஒலி ஒன்று உண்டு. அதற்கென்றே தனியாக ஒரு தடித்த ஸ்பீக்கர், சப்வூஃபர். அதைக் குடிவைக்கும் பெட்டியைச் செய்வதுதான் இவருடைய பிழைப்பு. தெருவில் எல்லோருக்கும் இவர் 'பெட்டிக்காரர்'. குள்ளம், உருண்டை, ஓயாத தலையாட்டல். "இவரைத் தட்டினாலே நல்லா பேஸ் வரும்" என்பது மனைவியின் கணிப்பு.

கார் இல்லாத ஒரு கார் ஷெட்தான் பட்டறை. அலமாரி முழுக்கப் பசைப் புட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உறவுமுறை. ஒரு சொட்டில் ஒட்டிவிடும் அவசரப் பசை, அவருடைய சின்ன மச்சான்: "உடனே ஒட்டிக்குவான், ஒரு தட்டு தட்டினா விட்டுட்டு ஓடிருவான். செருப்பு வாருக்குத்தான் லாயக்கு." நெடியடிக்கும் ரப்பர் பசை, சித்தி: "கடைசி வரைக்கும் இறுகவே மாட்டாங்க." நுரைத்துப் பொங்கும் பசை, பெரியப்பா: "வெளிய பாத்தா பெரிய ஆளு. உள்ள வெறும் காத்து." வெள்ளைப் பசை மட்டும் யாருக்கும் ஒப்பில்லை. அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். "காஞ்ச பிறகு பிரிச்சுப் பாருங்க. பலகை கிழியும், ஒட்டு விடாது."

திருகு வாங்க அடுத்த தெருவுக்குப் போவார். கடை மாமனாருடையது. பெண் பார்க்கப் போன அன்றே கல்லாவுக்குப் பின்னால் இருந்த திருகுகளைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று மாமனார் இன்றும் சொல்லிக்காட்டுவார். கண்ணாடி மேசையில் ஒரு பிடியைக் கொட்டி, ஒவ்வொன்றாக உருட்டுவார். நெளிந்து ஓடினால் தள்ளுபடி. நேராக ஓடினால் அதன் உடம்பைச் சுற்றி ஓடும் மரையை நகத்தால் வருடிக் காதருகே வைத்துக் கேட்பார். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்கு மரை அகலமாக இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் பலகை பொடிந்துபோகும். கறுப்பு நிறத்தில் மெலிந்த வகை ஒன்று உண்டு. அதைத் தொடக்கூட மாட்டார். "இது சுவத்துக்கு, மாமா. கொஞ்சம் முறுக்கினா தலை மட்டும் கையோட வரும், உடம்பு உள்ளயே தங்கிரும்."

மாமனாருக்கு வயிற்றெரிச்சல் அதனால் இல்லை. இப்படிப் பொறுக்கி எடுத்த திருகுகளுக்கு மறுநாள் நேரப்போகும் கதிதான் அவரை வாட்டுகிறது. பெட்டிக்காரர் பலகையில் முதலில் மெல்லிய துளை போடுவார், பசை தடவுவார், திருகுகளை அழகாக இறக்குவார். பசை காய்ந்ததும் அத்தனையையும் கழற்றிவிட்டு, துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடுவார்.

"திருகோட வேலை பசை காயிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது. காஞ்சாச்சா? ரொம்ப நன்றி, வெளிய வாங்க. உள்ள விட்டா ஆட ஆரம்பிப்பாங்க."

"உலகமே திருகு வாங்கி மாட்டுது," என்பார் மாமனார், கடைக்கு வந்த யாரையாவது சாட்சிக்கு இழுத்து. "என் மாப்ள வாங்கிக் கழட்டுறாரு. கழட்டினதையே மறுபடி மாட்டுறாரு. நான் கடைய மூடிட்டுப் பசை விக்கவா?"

கழற்றும் சடங்குக்கென்று இவரிடம் ஓர் ஆபரணம் உண்டு. எரிந்துபோன ஒரு குட்டி ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணிப்பட்டையில் தைத்து இடது மணிக்கட்டில் கட்டியிருப்பார். வெளியே வரும் திருகுகள் தாமாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிவதற்குள் கை முள்ளம்பன்றி ஆகிவிடும்.

இத்தனை வித்தையும் சொந்த வீட்டில் எடுபடவில்லை. மனைவி மாடிக்கூடத்தில் பாட்டுப் போட்டுப் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார். அவருக்குச் செய்துகொடுத்த முதல் பெட்டியில் பெட்டிக்காரர் நுரைப் பசையைச் சோதித்துப் பார்த்தார். அது இடுக்கெல்லாம் காற்றை விட்டு விசிலடித்தது. இரண்டாவது பெட்டி அருமையான பெட்டி. கூடத்துக் கதவுக்குள் மட்டும் நுழையவில்லை. மூன்றாவதை ஏற்றும்போது மனைவி வாசலிலேயே மறித்துச் சொல்லிவிட்டார்: "இதுல மட்டும் கடகடன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, ரெடிமேட் பெட்டிதான். கடைக்காரர்கிட்ட எடுத்து வைக்கச் சொல்லியாச்சு."

ரெடிமேட்! குண்டூசி அடித்த அட்டைப்பெட்டிக்குக் கறுப்புத் துணி போர்த்தியது என்று ஊரெல்லாம் அவர் கிழித்துத் தொங்கவிடும் அந்தப் பெட்டி, அவருடைய வீட்டு மாடியிலேயே! பெட்டிக்காரருக்கு அன்றைக்குக் காப்பிகூட இறங்கவில்லை.

வகுப்பு நேரம். கூடம் நிறையப் பெண்கள், வியர்வைத் துண்டுகள், தண்ணீர்ப் புட்டிகள். வேடிக்கை பார்க்க வந்த மாமனார் புதுப்பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். "திருகு இல்லாத பெட்டி எத்தனை நிமிஷம் தாங்குதுன்னு பாக்கணும்ல?"

"தாராளமா உக்காருங்க மாமா. இன்னும் நாலு பேரைக் கூப்பிடுங்க."

பாட்டு தொடங்கியது. டும். தரை அதிர்ந்தது. பெண்கள் ஒன்றாகக் குதித்தார்கள். பெட்டிக்காரருக்கு வாயெல்லாம் பல். ஆழமான ஒரு சுரம் வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து தேனீ ஒன்று கோபித்தது போல, ர்ர்ர்.

மனைவி குதித்தபடியே கண்ணால் கேட்டார். ஜன்னல் திட்டில் இருந்த தன் கைபேசியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒட்டு விட்டுருச்சு!" மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "திருகு இருந்திருந்தா இப்படி ஆகுமா?"

பெட்டிக்காரர் நாலுகாலில் இறங்கினார். காதை ஒரு மூலையில் வைத்தார், மறு மூலையில் வைத்தார், இணைப்பு முழுவதும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் பெரிதாகக் கேட்டது. மேலே பார்த்தார். மாமனாரின் சட்டைப்பை.

"மாமா, பையில என்ன?"

"அது... ஒரு அவசரத்துக்குன்னு..." ஒரு பிடித் திருகு. கூடமே சிரித்தது. ஒரு பெண் குதிக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். மாமனாரும் பையும் படிக்கட்டுக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

பாட்டு மறுபடி. டும். ர்ர்ர்.

இப்போது பெட்டிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி கைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். "என்னங்க, போன் போடவா?"

"ஒரே ஒரு பாட்டு பொறும்மா!"

ஸ்பீக்கரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் திருகிக் கழற்றினார். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்க வேண்டியது என்பதால் அதற்கு மட்டும் போல்ட்டுக்கு அனுமதி உண்டு. இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினார். பின்புறம், தட்டைப் போலப் பெரிய காந்தம். அதன் விளிம்பில் சாய்ந்து ஒட்டிக்கொண்டு, நுனியில் காய்ந்த பசையோடு, ஒரு திருகு.

அகலமான மரை. நேராக ஓடும் ஜாதி. அவரே நகத்தால் வருடித் தேர்ந்தெடுத்தது.

மணிக்கட்டைப் பார்த்தார். நேற்று முள்ளம்பன்றிக் கையோடுதான் ஸ்பீக்கரை உள்ளே இறக்கினார். பெரிய காந்தம் சின்னக் காந்தத்திடமிருந்து ஒன்றைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

அவரால் அடக்க முடியவில்லை. வயிறு குலுங்க, தரையில் உட்கார்ந்தே சிரித்தார். "ஒட்டு விடல! ஒட்டு விடல! திருட்டுப் பய உள்ள உக்காந்து ஆடியிருக்கான்!"

சிரிப்புச் சத்தம் கேட்டு மாமனார் படியேறி ஓடிவந்தார். "என் கடைத் திருகு! உள்ளயிருந்து தாங்கியிருக்கு பாருங்க!"

ஸ்பீக்கர் மறுபடி உள்ளே போனது, மணிக்கட்டுப் பட்டை மனைவியின் தண்ணீர்ப் புட்டியில் சுற்றப்பட்ட பிறகு. பாட்டு. டும். அந்த ஆழமான சுரம் வந்தது. அத்தனை பேரும் குதிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள். வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இறங்கிப் போனது. தேனீ இல்லை.

மனைவி கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் குதித்தபடியே கத்தினார்: "அண்ணே! அந்தப் பெட்டி வேணாம்ணே! எங்க வீட்டுப் பெட்டியே வந்துருச்சு! என்னது? கேக்கலையா? எனக்கும்தான் கேக்கலை!"

பெட்டிக்காரர் கால்சட்டைப் பையிலிருந்து சின்னப் பசைப் புட்டியை எடுத்தார். ஒரு சொட்டை விரலில் இழுத்துப் பதம் பார்த்தார். அகப்பட்ட திருகின் உடம்பில் நீளவாக்கில் தடவி, பெட்டியின் முகப்பில், எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் படுக்கவைத்து அழுத்தினார். பிறகு மாமனாரின் கையைப் பிடித்து இழுத்து, அவருடைய கட்டைவிரலைத் திருகின் மேல் வைத்தார்.

"காயிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, மாமா."