இடது காலுக்கு மாற்றிய மிதிக்கட்டை

என் வீட்டுக்காரர் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை என்று கல்யாணமாகி எட்டு வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை. ஆரணியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் என்னைச் சைக்கிள் சாம்பியன் சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். சேவூர், சாம்பியன் வீடு என்று மேலே எழுதினால் போதும், தபால்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கோயிலில் எனக்கு இடம் விடுவார்கள், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். நான் சைக்கிளில் ஏறக்கூடத் தெரியாதவள். ஆனாலும் அந்த மரியாதையை வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவர் வீட்டுத் தொழில் தறி. ஆனாலும் எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரணி பஜாரில் இருந்த ஒரு சைக்கிள் கடைக்காரர் அவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார். கடையின் பெயர் போட்ட பனியனோடு வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று பந்தயம் நடக்கிற ஊருக்கெல்லாம் போய் ஓட்டவேண்டும். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிய சாதாரண சைக்கிள்தான். அதில் அவரை ஒருத்தரும் ஒருநாளும் முந்தவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கு ஒவ்வொரு பந்தயமும் மனப்பாடம்.

எங்களுக்கு நிச்சயம் பேச வந்தபோது என் அப்பாதான் குறுக்கே நின்றார். அந்தச் சமயம் எங்கள் தேசூர்ப் பக்கம் ஒரு பையன் பந்தயத்தில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு கிடந்தான். தறிக்காரனுக்குப் பெண் தருகிறேன், சைக்கிள்காரனுக்குத் தரமாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். இவர் மட்டும் சரி என்று சொல்லிவிட்டு, பஜாருக்குப் போய் பனியனைத் துவைத்து மடித்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். தோற்காமலே விலகிய ஆள் என்று ஊரில் அவர் பெயர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அதன்பிறகு காணும் பொங்கலன்று சேவூரில் நடக்கும் பந்தயத்துக்குக் கொடி அசைக்க ஒவ்வொரு வருஷமும் அவரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்க் கொடியை அசைப்பார், ஜெயித்தவனுக்கு மாலை போடுவார், வந்துவிடுவார். பொங்கலுக்கு நான் தாய்வீடு போய்விடுவேன் என்பதால் அதைக்கூடப் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், நான் தேசூரிலிருந்து திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே ஒரு சேதி சொன்னாள். கொடியை அசைத்துவிட்டு இவரும் சைக்கிள்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாராம், கையில் கொடியோடு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் தறியில் உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை, உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். நான் கரைப்பக்கம் உட்கார்ந்து கரை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை வாங்கித் திருப்பி அனுப்புவேன். ஏழு வருஷமாக அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மனிதன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, கால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அன்று கால் பறந்தது. என்னால் நாடாவை வாங்கவே முடியவில்லை. என்ன அவசரம் என்று கேட்டேன். அடுத்த பொங்கலுக்குத் தானும் ஓட்டப் போவதாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆனது, முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்றே, இளவட்டங்களோடு உமக்கென்ன போட்டி என்று எல்லாம் கேட்டேன். கடைசியில்தான் உண்மையான பயம் வெளியே வந்தது.

"ஒரு தடவகூடத் தோக்காத ஆளுன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேர நீங்களே ஏன் கெடுத்துக்கிறீங்க?"

"தோக்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. ஓட்டலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றார்.

 எனக்குக் கோபம் இன்னும் கூடியது. இரண்டு நாள் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பஜார் கடைக்காரர் அதே பழைய பனியனை எடுத்துக் கொடுத்தார், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சேதி கேட்ட என் அப்பா, எங்கள் வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை என்று வீம்பு பிடித்தார்.

விடியற்காலையில் கண்ணமங்கலம் வரை ஓட்டிவிட்டு வந்துதான் தறியில் இறங்குவார். ஒரு மாதம் போனதும் முகம் வாடிக் கிடந்தது. விசாரித்தேன். "வலது காலு ஓட்டுது. இடது காலு சும்மா கூட வந்துகினு இருக்குது" என்றார்.

காரணம் எங்கள் தறிதான். பூவேலைக்காக இழைகளைத் தூக்கிக்கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி மேலே இருக்கிறது. அதைத் தூக்கும் மிதிக்கட்டை எங்கள் தறியில் வலது காலுக்கு. நல்ல கனம். ஏழு வருஷமாக நாள் முழுக்க அதை மிதித்து வலது கால் இரும்பாகிவிட்டது, இடது கால் சும்மாவே கிடந்திருக்கிறது. மறுநாள் அவர் குழிக்குள் இறங்கி, கயிறுகளை அவிழ்த்து, மிதிக்கட்டையை இடது பக்கம் மாற்றிக் கட்டினார். இப்படி ஒரு கிறுக்குத்தனத்தை எந்தத் தறிக்காரனும் செய்திருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு நான் பட்ட பேஜார் கொஞ்சமல்ல. இடது காலுக்குப் பலம் போதாமல் பெட்டி பாதிதான் எழும்பும். நீளவாட்டுப் பாவில் சில இழைகள் மேலே வராது. நெய்து முடித்துப் பார்த்தால் சேலையில் மயிலுக்குக் கொண்டை இருக்காது, அன்னத்துக்கு மூக்கு இருக்காது. இருவரும் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்து மறுபடி நெய்வோம். கல்யாணப் பெண் மூக்கில்லாத அன்னத்தையா கட்டிக்கொள்வாள் என்று திட்டிக்கொண்டேதான் பிரிப்பேன். திட்டிக்கொண்டேதான் முட்டை அவித்துக் கொடுப்பேன், கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுப்பேன். ஆடி கழிந்து ஐப்பசி வந்தது. ஒருநாள் மயிலுக்கெல்லாம் கொண்டை ஒழுங்காக நின்றது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். 

அந்தப் பொங்கலுக்கு நான் தேசூர் போகவில்லை. இவர் தோற்றுவிட்டு வந்தால் வீடு திறந்திருக்க வேண்டுமே என்றுதான் தங்கினேன், ஆசையால் அல்ல. சேவூரில் கிளம்பி, கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசல் போய், சேவூருக்கே திரும்பவேண்டும். வேறு யாரோ கொடி அசைத்தார்கள். எல்லாம் இளவட்டங்கள், நடுவில் இவர் மட்டும் வழுக்கை விழத் தொடங்கிய தலையோடு நின்றார். கிளம்பும்போது கூட்டம் மறைத்துக்கொண்டது, நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. வயல் ஓரமாக ரோட்டு வளைவில் போய் நின்றுகொண்டேன். தோற்கக் கூடாது, தோற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

வெயில் ஏறியபிறகு வளைவில் இரண்டு சைக்கிள் தெரிந்தது. ஒருவன் வேலூர்ப் பக்கத்துப் பையன். இன்னொருவர் அவர்.

எட்டு வருஷமாகக் கேட்ட கதையெல்லாம் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று. வீட்டில் அவர் குனிந்து நடப்பவர், பந்தியில் கடைசியாக எழுந்திருப்பவர், கேட்டதற்குப் பாதி பதில் சொல்பவர். ரோட்டில் வந்தது வேறு மனிதர். முதுகு ஹேண்டிலோடு படிந்து, அசையாமல் இருந்தது. தலை ஆடவில்லை, தோள் ஆடவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் ஒரே சீராக இறங்கி ஏறின. நான் இடது காலைத்தான் பார்த்தேன். அந்தக் காலோடு சேர்ந்து எத்தனை மயிலைப் பிரித்திருக்கிறேன். அது வலது காலுக்கு ஒரு நூல்கூடக் குறையவில்லை. என் புருஷன் இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேனே என்று தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவில்லை, துடைக்கிற நேரத்தில் அவர் தாண்டிப் போய்விடுவார்.

இருவரும் என்னைக் கடந்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். ஒரே கூச்சல். யார் முதலில் வந்தது என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாதி சைக்கிள் நீளம்தானாம், அந்தப் பையன் முந்திவிட்டான்.

இந்த வயதில் இது தேவையா என்று சிலர் காதுபடவே பேசினார்கள். வரப்பில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த இவர், அந்தப் பையன் வந்து காலைத் தொட்டதும் எழுந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். 

மறுநாள் காலை நான் தறிக்கு வந்தபோது அவர் குழிக்குள் குனிந்து, மிதிக்கட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பழையபடி வலது பக்கம் மாற்றப் போகிறாராம்.

"போதும். உன் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்" என்றார், நிமிராமலே.

நான் என் இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தேன்.

"அவுக்காதீங்க. வர்ற பொங்கலுக்கும் நான் தேசூர் போவல" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அவிழ்த்த முடிச்சைத் திரும்ப இறுக்கிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து இடது காலால் மிதித்தார்.