முதல் பாதியைக் காணாத மனிதர்

நான் படுத்தெழும்பிய வீடுகளில் அப்டன் பார்க் வீடு மிக மோசமானது என்று சொல்ல மாட்டேன். அதைவிட மோசமான இடங்களில் இருந்திருக்கிறேன். பாரிஸில் ஒரு குளிர்காலம் முழுக்க உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்தேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூட்டைகள் குறட்டை விடுவதில்லை. ஆனால் நான் இருந்ததில் மிக முட்டாள்தனமான வீடு அப்டன் பார்க் வீடுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்காரரோடு சேர்த்து நாங்கள் ஐந்து ஆண்கள். ஐந்து பேருமே ஜேர்மனியில் சில வருடங்கள் அகதி விடுதிகளில் கிடந்து, அங்கே கேஸ் தள்ளுபடியானதும் கள்ளமாக லண்டனுக்கு வந்தவர்கள். ஐந்து பேருமே குரோய்டனில் இருந்த குடிவரவுக் கந்தோரில், கொழும்பிலிருந்து நேரே வந்திறங்கினோம் என்று சொன்னவர்கள். வேறொரு நாட்டில் ஏற்கனவே அகதியாகப் பதிந்தவன் என்று தெரிந்தால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் கேஸ் தள்ளுபடியாகிவிட்டதே. பிறகு அங்கிருந்து கொழும்புக்கு. ஆகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: இங்கே ஒருவரும் ஜேர்மனியைக் கண்டதில்லை. வாய் தவறி ஒரு ஜேர்மன் சொல் வந்தால், அன்று சொன்னவன்தான் எல்லோருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும்.

எனக்கு இது பெரிய பாடாகத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்ததை மறப்பது எனக்குப் பழக்கமான வேலை. குரோய்டன் அந்த வருடங்களைக் கேட்டபோது, நெடுங்கேணியில் மாமாவின் வயலில் நின்றேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமா ஒருவர் இருந்திருந்தால் அவரே நம்பியிருப்பார். எனக்கு விசா கிடைத்தது.

அண்ணைக்குத்தான் கிடைக்கவில்லை, அவருக்கு இன்னும் விசாரணையே நடக்கவில்லை. அண்ணை என்று அந்த வீட்டில் எல்லோரும் அழைத்தது, ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜராக இருந்த ஒருவரை. நாற்பதைத் தாண்டியவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். இவருக்கு இங்கே இடம் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் லொட்ஜ்தான், அடுத்த பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடிபட்டால் அதுவும் இல்லை. இவ்வளவு பொறுப்பு தலையில் இருந்த மனிதர் சனிக்கிழமை பின்னேரங்களில் செய்தது என்ன என்பதைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரருக்கு கிறீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடை. கிரிக்கெட் பார்க்கவென்று வீட்டுக் கூரையில் ஒரு டிஷ் பூட்டினார். கிரிக்கெட்டுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும் என்பது பூட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இலவசமாக வந்தவை ஜேர்மன் சேனல்கள். ஜேர்மனியைக் கண்டிராத ஐந்து பேரின் வீட்டுக்குள் ஜேர்மனி கூரை வழியாக வந்து இறங்கியது.

சனிக்கிழமைகளில் அந்த நாட்டு முதல் பிரிவுக் கால்பந்தைக் காட்டுவார்கள். அண்ணைக்கு ஒரு கழகம் இருந்தது. அதன் பெயரைச் சொல்லி நான் அதற்கு விளம்பரம் தேடிக்கொடுக்க மாட்டேன். நிலக்கரி தோண்டி முடிந்துபோன ஒரு நகரத்தின் கழகம். அழகாக ஆடத் தெரியாது, அழகில்லாமல் வெல்லவும் தெரியாது. சேற்றில் விழுவது மட்டும் நன்றாக வரும். அண்ணை அதை "நாங்கள்" என்றுதான் சொல்லுவார். "நாங்கள் போன கிழமை தோத்திட்டம்." யார் நாங்கள்? இவருக்குக் காலில் ஆணி. பஸ்ஸுக்குக்கூட ஓடமாட்டார்.

ஒரு நாள் கேட்டேன், எத்தனையோ கழகம் இருக்க ஏன் இந்தப் பரதேசிக் கூட்டம் என்று.

"ஹைமுக்குப் பின்னாலதான் தம்பி மைதானம்." ஹைம் என்றால் அகதி விடுதி. அன்றைக்குக் கோப்பை அவருக்குத்தான். "வேலை செய்யவும் விடாங்கள், அந்த ஊர் எல்லையைத் தாண்டவும் விடாங்கள். என்ன செய்யிறது? கடைசிக் கால் மணித்தியாலத்துக்குக் கேற்றைத் திறந்துவிடுவாங்கள், வெளிய போற சனம் போகட்டுமெண்டு. அப்ப நான் உள்ளுக்குப் போவன்."

"முழு ஆட்டமும் பாத்ததே இல்லையோ?"

"ரிக்கற்றுக்கு ஆர் காசு தாறது? முதல் பாதியை நான் கண்டதேயில்லை."

நான்கு வருடம் ஒரு கழகத்தின் வால் பகுதியை மட்டும் பார்த்தவர். அந்தக் கூட்டத்தில் சிலர் டிராம் நிறுத்தத்தில் எங்களைக் கண்டால் துப்புகிறவர்கள். எனக்கும் துப்பல் கிடைத்திருக்கிறது, வேறு நகரத்தில். துடைத்துவிட்டுப் போனேனே தவிர அவர்களுடைய கழகத்துக்கு விசிறியாகவில்லை. அண்ணையிடம் அதைச் சொன்னேன். அவர், ஒரு முறை கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு தடியன் பியர் வாசத்தோடு தன்னைத் தூக்கிக் கட்டிப்பிடித்தான் என்றார். அந்த நாட்டில் பொலிஸ்காரனையும் பல் டொக்டரையும் தவிர அவரைத் தொட்ட ஆள் அவன் ஒருவன்தானாம். அவ்வளவுதான் காரணம். ஒரு வெறிக்காரனின் அணைப்புக்கு ஒரு மனிதர் ஆயுள் சந்தா கட்டிவிட்டார்.

பக்கத்து வீட்டிலும் எங்கள் ஆட்கள்தான் இருந்தார்கள், வாய் நீண்டவர்கள். சுவர் மெல்லியது. ஆகவே தொலைக்காட்சியின் சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பார்ப்போம். அண்ணை வர்ணனையைத் தானே முணுமுணுப்பார், ஜேர்மனில். இன்னொன்று: ஆட்டங்கள் முடிந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் படம் போடுவார்கள். எல்லாம் தீர்ந்துபோன ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கட்டைவிரல்களையும் கைக்குள் மடித்துப் பிடித்துக்கொண்டு, ஊமைத் திரையைப் பார்த்து அவர் மன்றாடுவார். கட்டைவிரலை மடிப்பது அந்த நாட்டுக்காரர் அதிர்ஷ்டத்துக்குச் செய்வது. சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்த கை அது.

"முருகனை விட்டிட்டு விரலைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்" என்பார் வீட்டுக்காரர்.

"முருகனுக்கு ஓஃப்சைட் விளங்காது" என்பார் அண்ணை.

இலையுதிர் காலம் முழுக்கத் தோற்றார்கள். குளிர்காலத்தில் பனி என்று அந்த நாட்டில் சில கிழமைகள் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கிழமைகளில் அண்ணை ஒரு மனிதர். மீன் குழம்பு வைத்தார், வழக்கறிஞரின் கந்தோருக்குப் போனார், பெண் பிள்ளைகளுக்கு டெலிபோன் எடுத்தார். பனி உருகியதும் பழையபடி விசர் பிடித்தது. சனிக்கிழமை ஷிப்டை மாற்றித்தர மறுத்த பெற்றோல் நிலையத்தை விட்டுவிட்டு, இன்னும் தொலைவிலிருந்த இன்னொன்றுக்கு வேலைக்குப் போனார்.

வசந்தத்தில் குரோய்டனிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை அந்த லீக்கின் கடைசி நாள். மூன்று கழகங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். இரண்டு ஏற்கனவே இறங்கிவிட்டன. மூன்றாவது அண்ணையுடையதா இன்னொன்றா என்பது அன்றைக்குத் தெரியும்.

ஞாயிறுதோறும் அவருக்கு ஒத்திகை வைத்தோம். வீட்டுக்காரர் அதிகாரி. உருளைக்கிழங்குப் பெட்டியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"அந்த நாலு வருசமும் எங்க இருந்தனீர்?"

"புன்னாலைக்கட்டுவனில. வெங்காயத் தோட்டம்."

"வெங்காயம் எப்ப கிண்டுறது?"

அண்ணை விழித்தார். சங்கக் கடையில் வெங்காயம் விற்றவருக்கு அது எப்போது மண்ணை விட்டு வருகிறது என்று தெரியவில்லை.

"கால் இறுதி எப்ப எண்டு கேட்டா உடன சொல்லுவீர். உமக்கு விசரே? மனுசி பிள்ளையளை நினையும்."

"லீக்கில கால் இறுதி எண்டு ஒண்டு இல்லை" என்றார் அண்ணை, மிகவும் மரியாதையாக.

ஆனால் கடைசியில் பாடமாக்கிவிட்டார். விதைப்பு, வாய்க்காலில் தண்ணீர் மாறும் முறை, ஷெல் விழுந்த நாள், தோட்டத்தை விட்டு ஓடிய பாதை. எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வெங்காயத்தை உரித்துப் பார்த்தாலும் உள்ளே ஜேர்மனி தெரியாது.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊமைப் படத்தில் சேற்று மனிதர்கள் ஓடினார்கள். பந்து கம்பத்தில் பட்டது. பிறகு மற்ற அணி ஒன்று போட்டது. பிறகு முடிந்தது. மைதானத்தில் பெரிய பெரிய ஆண்கள் கழுத்துத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதார்கள். அப்டன் பார்க்கில் ஒரு பழைய சங்கக் கடை மனேஜர், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல், தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதார். ஞாயிறும் அழுதார். உலகத்தில் எங்கள் சனம் எதற்கெல்லாம் அழுதுகொண்டிருந்த காலம் அது. இவர் பந்துக்கு அழுதார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

திங்கள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனது நான். தனியே விட்டால் ரயில் மாறத் தெரியாது. ஸ்டேஷனில் பார்த்தால் கோட்டுக்குள் அந்தக் கழகத்தின் கழுத்துத் துணி. உருவி என் பைக்குள் போட்டேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, அந்தப் பெரிய கட்டடத்துக்கு வெளியே நின்று தேத்தண்ணி குடித்தேன்.

அவர் வெளியே வந்தபோது முகம் லேசாக இருந்தது. வென்றுவிட்டார் என்று நினைத்தேன். ரயிலில்தான் கதை வந்தது.

வெங்காயம் நன்றாகப் போயிருக்கிறது. அதிகாரி ஓர் இளம் பெண், மரியாதையானவள். ஷெல் விழுந்த இடத்துக்கு வந்தபோது அவள் பேனாவை வைத்துவிட்டாள். உங்களுடைய கண்கள் வீங்கிச் சிவந்திருக்கின்றன, கெட்ட செய்தி ஏதும் வந்ததா, வேண்டுமானால் சற்றுப் பொறுத்துத் தொடரலாம் என்றாள். மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் ஊர் ஐயா ஒருவர்; அதைத் தமிழில் சொன்னார். அந்தக் கதிரையில் இருந்து இதற்குப் பதில் சொல்லக் குழந்தைக்கும் தெரியும். ஊரில் பொய் சொல்லாமலே சொல்லக்கூடிய சாவு எத்தனை இருந்தது!

"என்ன சொன்னனீங்கள்?"

"நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கீட்டம் எண்டு சொன்னன்."

நான் பைக்குள் இருந்த துணியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளினேன்.

"அந்த ஐயா என்னைப் பாத்தார். 'தம்பி, இதை மாத்திச் சொல்லவோ?' எண்டு மெல்லமாக் கேட்டார். அப்பிடியே சொல்லுங்கோ எண்டன்."

"அவள்?"

"எந்தக் கழகம் எண்டு கேட்டாள். சொன்னன். அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. அவளின்ர தகப்பன் பிரிட்டிஷ் ஆமியில, ஜேர்மனியில அந்தப் பக்கம் இருந்தவராம்."

"பிறகு எல்லாத்தையும் சொன்னீங்கள்."

"கேற்றைத் திறக்கிறது, அந்தத் தடியன் கட்டிப்பிடிச்சது, எல்லாம் சொன்னன். அவள் எழுதினாள். வெங்காயத்துக்கு அவள் இவ்வளவு எழுதேல்லை, தம்பி."

"உங்கட பிள்ளையள் லொட்ஜில இருக்குதுகள்."

அவர் ஜன்னல் வழியே வீடுகளின் பின்புறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "துணியைத் தா" என்றார். கொடுத்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டில் அவருக்கு நல்ல பூசை விழுந்தது. அவர் வாயால் எங்கள் எல்லோருடைய கேஸும் போகும் என்று வீட்டுக்காரர் கத்தினார், இந்த முறை பக்கத்து வீட்டைப் பற்றிக் கவலைப்படாமல். டிஷ்ஷைக் கழற்றினார். எங்கள் கேஸ் ஒன்றும் போகவில்லை. அண்ணையை மட்டும் சில மாதங்களில் ஜேர்மனிக்குத் திருப்பி அனுப்பினார்கள். அங்கே அதே நகரம், அதே விடுதி. கேஸை மறுபடி திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் அந்த வீட்டை விட்டுவிட்டேன். ஒரு கூரையைப் பார்த்து நெடுநாள் படுத்தால் எனக்குக் கழுத்து வலிக்கும்.

அடுத்த வசந்தத்தில் டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மத்தியானம் கடை டெலிபோனில் எனக்கு அழைப்பு. பின்னால் பெரும் இரைச்சல்.

"தம்பி, நான் அண்ணை."

"எங்க நிண்டு கதைக்கிறியள்? கேஸ் என்னமாதிரி?"

"நாலாம் இடம்."

"நான் கேட்டது கேஸை."

"அது கிடக்குது, இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. மூண்டு கழகம் முதல் பிரிவுக்கு ஏறும், நாங்கள் நாலாவது. இண்டைக்கு வெண்டா மூண்டாவது."

"மனுசி பிள்ளையள்?"

"அதே லொட்ஜ்தான்." இரைச்சல் கூடியது. "இரு, இரு. கேற்றைத் திறக்கிறாங்கள். வைக்கிறன்."

வைத்துவிட்டார். அடுப்பின் இரும்புத் தட்டில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.