ஜினோ சாப்பிட்ட களி

தருமபுரி ஆஸ்பத்திரி வராண்டாவில் மேனேஜர் என் கையில் ஃபோனைத் திணித்தபோது, எனக்குத் தெரிந்த இத்தாலியன் மொத்தமும் ஒரு சாப்பாட்டுக் கடையைத் தாண்டாது. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம், அவள் கணவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

1. அப்ரி, கியூதி

மாரண்டஹள்ளிப் பக்கம் உள்ள எங்கள் தக்காளிக்கூழ் ஆலைக்கு இத்தாலியிலிருந்து புது மெஷின் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க வந்தவர் ஜினோ. அறுபதைத் தொடும் வயது. நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆங்கிலம் அவருக்கும் வராது, எனக்கும் வராது.

முதல் நாளே ஸ்டீம் லைனில் "கியூதி!" என்று கத்தினார். நான் வால்வைத் திறந்தேன். கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு போனது. அவர் என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து வால்வின் மேல் வைத்து, "அப்ரி" என்று திறந்தார், "கியூதி" என்று மூடினார். பட்டால்தானே புத்தி. அந்த இரண்டு சொல்லும் அன்றே மண்டையில் ஏறிவிட்டன.

2. களி

மெஸ்ஸில் போடும் காரம் தாங்காமல் மனிதர் பிஸ்கட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி சரசு ராகிக்களி கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் எட்டிப் பார்த்த ஜினோ "பொலெந்தா!" என்று கூவினார். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் இப்படித்தான் கிளறுவார்களாம். துடுப்பைக் கேட்டு வாங்கி அவரே கிளற ஆரம்பித்துவிட்டார்.

"விருந்தாளியப் போயி வேல வாங்கறீங்களே, நாலு பேரு பாத்தா என்னங்க நெனப்பாங்க?" என்று சரசு என்னிடம் பாய்ந்தாள்.

ஒரு கட்டி விழவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டில் ஒட்டியிருந்த தக்காளித் தொக்கைக் கடைசித் துண்டு களியால் வழித்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு "ஸ்கார்பெத்தா" என்றார். அங்கே ரொட்டியால் அப்படித் துடைப்பார்களாம். சமைத்தவருக்கு அதுதான் மரியாதை.

அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தார். உப்பு சாலே, தண்ணீர் ஆக்வா, இன்னும் கொஞ்சம் அங்கோரா. ஒருநாள் செல்லில் தன் அப்பா படத்தைக் காட்டி, "மோர்த்தோ" என்று கையை மேலே காட்டினார். கேட்காமலே அர்த்தம் புரிந்தது. மனைவி மரீசாவிடம் வீடியோவில் பேசும்போது என்னையும் இழுத்துவிடுவார். அந்தம்மா எடுத்த எடுப்பில் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "கொசா ஆ மஞ்சாத்தோ?" என்ன சாப்பிட்டார்? நான் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்வேன்.

3. ஃபோன்

மெஷினை ஓட்டிப் பார்க்கும் ட்ரயல் அன்று காலையில் நான் கொண்டுபோன களியை இருவரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஒரு மணி நேரம் கழித்து டப்பாவில் கூழ் நிரப்பும் ஃபில்லர் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர்ந்தபோதே உயிர் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மரீசாவுக்கும் இத்தாலியன் தவிர எதுவும் தெரியாது. மொழிபெயர்க்கும் ஆப் மேனேஜரிடம் இருந்தது. "மெஷின் குரல்ல சொல்ற சேதியா இது? நீயே பேசு முருகேசா. எறந்துட்டாருன்னு சொல்லிடாத. சீரியஸ்னு மட்டும் சொல்லு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். என் அப்பா போனபோது ஓசூரிலிருந்த அக்காவுக்கும் "சீரியஸ், கெளம்பி வா" என்றுதான் சொன்னோம். அவள் பஸ்ஸிலேயே அழுதுகொண்டு வந்தாள். சொல்லாததும் புரிந்துவிடும்.

மரீசாவுக்கு அங்கே விடிந்துகொண்டிருந்த நேரம். "ஜினோ, ஹாஸ்பிடல், சீரியஸ்" என்றேன்; அவர்கள் மொழியிலும் ஏறக்குறைய இதே சொற்கள்தானாம். அவர் பதறவில்லை. "அவர் காதில் ஃபோனை வை. நான் பேசுகிறேன். என் குரல் கேட்டால் பிழைத்துக்கொள்வார்" என்று அவர் சொன்னதை மேனேஜரின் ஆப் தமிழில் எழுதிக் காட்டியது.

மேனேஜரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்தவர் காதில் ஃபோனை வைத்துவிட்டு நான் எப்படிப் பக்கத்தில் நிற்பது? "நோ, மரீசா," என்றேன். "ஜினோ மோர்த்தோ."

 மறுமுனையில் அழுகை. லைனைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை, அவரும் துண்டிக்கவில்லை. ஆறுதல் சொல்ல என்னிடம் ஒரு சொல்கூட இல்லை. அதை நினைத்து நானும் அழுதேன்.

கடைசியில் அவரே கேட்டார்: "கொசா ஆ மஞ்சாத்தோ?"

அது எனக்குத் தெரியும். பொலெந்தா, பொமொதோரோ என்றேன்; களியும் தக்காளித் தொக்கும். சரசு செய்தது. அங்கோரா என்று இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். டிபன் பாக்ஸில் ஒட்டியதைக்கூட விடவில்லை, ஸ்கார்பெத்தா செய்தார். நான் சொல்லச் சொல்ல அந்தம்மா "சீ, சீ" என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் மொழியில் அதற்கு ஆமாம், ஆமாம் என்று அர்த்தம்.

வெளிநாட்டு ஆட்களோடு வேலை பார்க்கப்போகும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மெஷின் ஓட, திற, மூடு போதும். ஆனால் அந்த ஆளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், சாப்பிடுவதன் பேரையெல்லாம் அவர் மொழியில் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு எப்போது சொல்ல வேண்டிவரும் என்று தெரியாது.

ஜினோ பூட்டிய லைன் ஓடுகிறது. மரீசா இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார். அதே கேள்விதான். இப்போது நான் சாப்பிட்டதைச் சொல்கிறேன்.