நாற்பத்தேழாவது வரி

மில்லின் காலைச் சங்கு ஊதி அடங்கியதும் வாட்ச்மேன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "சார், திருவில்லிபுத்தூர்லருந்து போன் வந்துச்சு. நம்ம ஜெபமணியம்மா தவறிட்டாவளாம். நாலு மணிக்கு அடக்கம்னாவ" என்றார். "சரி" என்று மட்டும் சொன்னேன். அவர் போன பிறகு மேசையிலிருந்த தாள்களில் கையெழுத்திட்டேன்.

ஜெபமணி அவர்கள் எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் எங்கள் மில்லின் கார்டிங் பிரிவில் சேர்ந்தவர். பஞ்சைச் சிக்கெடுக்கும் அந்த இடத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூசு பறக்கும். ஏழு வருடம் அங்கே நின்றார். ஷிப்ட் முடிந்ததும் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய், ஹையர் பரீட்சை தேறி, ஆபீசுக்கு வந்தார். மில்லுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் தொடவே பயந்தார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் அதன் முன் உட்கார்ந்தார்.

நான் பி.இ. படித்த அதிகாரி, அவர் ஆபரேட்டர். பதவியில் நான் மேலே, விவரத்தில் அவர் மேலே. இது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் இணையம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் நூல் ரகங்களைப் பார்ப்பதற்காக ஒரு வெப் சர்வர் வைத்தோம். அந்த மென்பொருளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது வெர்ஷன் வரும். கூடவே ஒரு பட்டியலும் வரும்: புதிதாக என்ன சேர்த்தார்கள், எதைச் சரிசெய்தார்கள், எதை எடுத்துவிட்டார்கள் என்று. நான் முதல் பக்கத்தோடு திருப்தி அடைந்துவிடுவேன். ஜெபமணி முழுவதையும் அச்செடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார்.

"புதுசா என்ன குடுக்கான்னு அவனே கொட்டடிச்சுச் சொல்லிருவான் சார். எதைப் பிடுங்குதான்னு கடைசியிலதான் பொடி எழுத்துல போட்டிருப்பான்" என்பார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். அது அவர் படிக்கும் முறை என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு அவர் விடுப்பில் இருந்தபோது ஒரு புது வெர்ஷன் வந்தது. ஒரே இயந்திரத்தில் இரண்டு நிறுவனங்களின் தளங்களை வைப்பது இனிச் சுலபம் என்று அதில் போட்டிருந்தது. முதலாளி அப்போதுதான் பேண்டேஜ் கம்பெனி தொடங்கியிருந்தார். தாம் வெளிநாடு கிளம்புவதற்குள் அதன் தளம் வந்தாக வேண்டும் என்று நின்றார். நான் ஜெபமணியின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அவரை அழைத்தேன்.

"திங்கக்கெழம வந்துருதேன் சார். கடைசிப் பக்கம் படிச்சியளா?" என்று கேட்டார்.

"படிச்சிட்டேம்மா" என்றேன். பொய்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. புது வெர்ஷனைப் போட்டேன். சர்வர் கிளம்ப மறுத்தது. 'நாற்பத்தேழாவது வரி புரியவில்லை' என்றது. ஏதோ பழைய குப்பை என்று நினைத்து, அந்த வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காது. உடனே சர்வர் ஓடியது, இரண்டு தளங்களும் வந்தன. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார்.

நான் அணைத்த அந்த வரி ஒரு பூட்டு. தொழிலாளர்களின் நுரையீரல் பரிசோதனைப் பட்டியல் இருந்த ஃபோல்டருக்குப் போட்ட பூட்டு. திருவில்லிபுத்தூரில் இருந்த மில் டாக்டர் கடவுச்சொல் போட்டு அதைப் பார்ப்பார். பழைய பூட்டுக் கட்டளையை எடுத்துவிட்டோம், புது முறையில் எழுதிக்கொள்ளுங்கள் என்று கடைசிப் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது.

மூன்று வாரம் கழித்து, நூல் வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. இணையத்தில் திறந்து கிடந்த அந்தப் பட்டியலையே இணைத்து, நுரையீரல் பழுதான இந்த இருபத்திரண்டு பெண்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் இருவரையும் கூப்பிட்டு முதலாளி கேட்டது வேறு. "யாரு இத வெளிய விட்டா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெபமணி சொன்னார்: "லீவு முடிஞ்சு வந்து நாந்தான் சார் அந்த வரிய மாத்துனேன். கவனிக்காம விட்டுட்டேன்."

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். அவர் ஃபேக்ஸ் நகலை நீட்டினார். ஏழாவது பெயர் அவருடையது.

"என்னைய எப்படியும் வீட்டுக்கு அனுப்பத்தான் போறாவ. ரெண்டு பேரு எதுக்குப் போவணும்? ஒங்களுக்குச் சின்னப் புள்ளைக இருக்கு" என்றார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இந்தத் தாளில் எழுதிவைக்கிறேன். அன்று மாலை வேலையை விட்டுப் புறப்படும் முன், அந்தப் பூட்டைப் புது முறையில் தம் கையாலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். ஓய்வு என்று பெயர் சொல்லி, பட்டியலிலிருந்த மற்ற பெண்களையும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். ஜெபமணிதான் தங்கள் பிழைப்பைக் கெடுத்தார் என்று பேச்சாயிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் இருந்த திருவில்லிபுத்தூர் பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான். ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூட அவரைப் பார்க்கப் போகவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். நிறுத்தப்பட்ட பெண்களில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். செட்டியார்பட்டி மாரியம்மாள் இருமலை அடக்கிக்கொண்டு குழி ஓரம் வந்தார். "எங்க கஞ்சியில மண்ணப் போட்டது இவியதான். வேணும்னு செஞ்சிருக்க மாட்டாவ. மன்னிச்சிட்டோம்னு சொல்லத்தான் வந்தோம்" என்று சொல்லி ஒரு பிடி மண் போட்டார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "நீங்களும் போடுங்க சார்."

போட்டேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

மாரியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நாளைக் காலை இந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டச் செட்டியார்பட்டிக்குப் போகிறேன். நீங்கள் போய் வாருங்கள், ஜெபமணியம்மா. மன்னிக்கப்பட வேண்டிய ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று மாரியம்மாளிடம் சொல்லிவிடுகிறேன்.